பாலும் தயிரும் நின்ற பிறகு: நனிசைவத் தட்டில் சோயா

சைவச் சாப்பாட்டில் புரதம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பலரும் பருப்பைத்தான் சொல்வார்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிட்டதை அளந்து எழுதிப் பாருங்கள். காலைக் காப்பியிலுள்ள பால், மதியத் தயிர்சாதம், ராத்திரி மோர் எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய பங்கைத் தந்துகொண்டிருப்பது தெரியும். பாலும் தயிருமாக ஒருவர் 400 மி.லி. எடுத்துக்கொள்கிறார் என்றால் ஏறக்குறைய 13 கிராம் புரதம், 480 மில்லிகிராம் கால்சியம், அதோடு கொஞ்சம் வைட்டமின் பி12 கிடைக்கிறது. விலங்குகளிடமிருந்து வரும் எதையும், பாலைக்கூட, சேர்க்காத நனிசைவத்துக்கு (வீகன்) மாறுகிறவர்கள் இந்த மூன்றையும் ஒரே நாளில் கைவிடுகிறார்கள். அந்த இடத்தில் தட்டில் வந்து உட்காருவது பெரும்பாலும் இன்னொரு கரண்டி சோறுதான்.

இந்த இழப்பில் புரதத்தைச் சோயா முழுதாகவே ஈடுகட்டும். கால்சியம் கிடைப்பது நீங்கள் எந்தச் சோயாவை வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பி12 மட்டும் சோயாவில் கிடைக்கவே கிடைக்காது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் "தினமும் சோயா சாப்பிடுகிறேனே, இன்னும் என்ன குறை?" என்று இருந்துவிடுவதுதான் சிக்கல்.

பாக்கெட்டில் 52, தட்டில் எவ்வளவு?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் தந்த பரிந்துரைப்படி, ஆரோக்கியமான பெரியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்குச் சுமார் 46 கிராம், 65 கிலோ ஆணுக்கு 54 கிராம். சோறு, இட்லி, சாம்பார், சுண்டல் இவற்றிலேயே பாதிக்கு மேல் வந்துவிடும். மீதிக்குத்தான் சோயா.

சோயாப் புரதத்தின் தரம் பால் புரதத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, சோயாவில் அது தாராளம். சோயாவில் சற்றுக் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டும் ஒரே வேளையில் சேரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஒரே நாளில் இருந்தால் போதும்.

நம் வீடுகளில் சோயா என்றாலே மீல் மேக்கர்தான். இலங்கையில் சோயாமீட். பாக்கெட்டில் 100 கிராமுக்கு 52 கிராம் புரதம் என்று போட்டிருப்பது காய்ந்த உருண்டைக்கான கணக்கு. ஊறிப் பிழிந்தபின் எடை மூன்று மடங்கு ஆகிவிடும். ஆகவே வெந்த மீல் மேக்கர் 100 கிராமில் இருப்பது 17 கிராம் அளவுதான். குருமாவில் மிதக்கும் ஐந்தாறு உருண்டையைச் சாப்பிட்டுவிட்டு அன்றைய புரதம் முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. சமைக்கும் முன், காய்ந்த நிலையிலேயே, ஆளுக்கு 25 கிராம் எடுத்துவையுங்கள். அதில் 13 கிராம் புரதம், அதாவது அந்த 400 மி.லி. பாலுக்கு ஈடானது. ஒருமுறை தராசில் நிறுத்து, எந்தக் கிண்ணத்தில் எவ்வளவு வருகிறது என்று பார்த்துக்கொண்டால் பிறகு தராசு தேவைப்படாது.

வாடை பிடிக்கவில்லை என்பவர்கள் பெரும்பாலும் ஊறவைப்பதில் அவசரப்படுகிறவர்கள். உப்புப் போட்டுக் கொதிக்கும் நீரில் உருண்டைகளைப் போட்டு அடுப்பை அணைத்து, 10 நிமிடம் மூடிவையுங்கள். வடித்துக் குளிர்ந்த நீரில் போட்டுப் பிழியுங்கள். வெளியேறும் தண்ணீர் மஞ்சளாகக் கலங்கி வரும். அது தெளியும்வரை இரண்டு மூன்று முறை பிழிய வேண்டும். வாடையோடு, வயிற்றில் வாயு உண்டாக்கும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளும் ஓரளவு அந்த நீரோடு போய்விடும். ஊறவைக்காமல் நேராகக் குழம்பில் போட்டால் குழம்பைக் குடித்துவிட்டு நடுவில் ரப்பர்போல் நிற்கும். எண்ணெயில் பொரித்து "65" செய்தால், கொழுப்பே இல்லாத அந்தப் பஞ்சுத்தன்மை எண்ணெயைக் கணக்கில்லாமல் உறிஞ்சிக்கொள்ளும். தோசைக்கல்லில் வாட்டி எடுப்பதே நல்லது.

"எண்ணெய் எடுத்த பிண்ணாக்குதானே அது?" என்று கேட்பவர்களுக்கு: ஆம், எண்ணெய் எடுத்த சோயா மாவிலிருந்து செய்வதுதான். எண்ணெய் போனதால்தான் புரதம் அந்த அளவுக்குச் செறிவாகிறது. ஆனால் எண்ணெயோடு சோயாவின் ஒமேகா-3 கொழுப்பும் போய்விடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே வாரம் முழுக்க மீல் மேக்கரை மட்டும் நம்பாமல் முழுச் சோயாப் பயறு, சோயாப் பாலைத் திரித்துப் பன்னீர்போல் செய்யும் டோஃபு, சோயாப் பால் என்று மாற்றிமாற்றி எடுங்கள் என்கிறோம்.

முழுப் பயறைச் சரியாக வேகவைக்க வேண்டும்

சோயாவில் டிரிப்சின் தடுப்பான் என்று ஒரு பொருள் உண்டு. புரதத்தைச் செரிக்கும் நொதியை அது வேலைசெய்ய விடாது. நன்றாக வேகவைத்தால் பெருமளவு செயலிழந்துவிடும். பாதி வெந்த சோயாவைச் சாப்பிட்டால் குமட்டல், வயிற்றுப்போக்கு வருவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

8 மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கையால் பிசைந்தால் தோல் கழன்று மிதக்கும், அதை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. சோயா நுரைத்துப் பொங்கும், தோல் போய் வெயிட் போடும் துவாரத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். முதல் விசிலுக்குப் பின் தணலைக் குறைத்து 15 முதல் 20 நிமிடம். விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். இது சுண்டலுக்கும் ஆகும், அடை மாவில் அரைத்துச் சேர்க்கவும் ஆகும்.

கோதுமை மாவிலும் சத்துமாவிலும் சோயா சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பச்சையாகவோ லேசாக வறுத்தோ அரைத்த சோயா மாவில் டிரிப்சின் தடுப்பான் நிறையவே மிச்சம் இருக்கும். பயறைக் கொதிநீரில் 25 நிமிடம் வேகவிட்டு, வெயிலில் சுக்காகக் காயவைத்து, பிறகு அரைக்க வேண்டும். ஒரு கிலோ கோதுமைக்கு 100 கிராம் போதும். சோயாவில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் இருப்பதால் மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து, காற்றுப்புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

வீட்டில் சோயாப் பால் எடுக்கும்போதும் இதே தவறு வேறு உருவில் வருகிறது. 100 கிராம் காய்ந்த பயறை ஊறவைத்துத் தோல் நீக்கினால் அதற்கு ஒரு லிட்டர் தண்ணீர். பச்சைத் தண்ணீரில் அரைத்தால் லிப்பாக்சிஜனேஸ் என்ற நொதி வேலைசெய்து அந்தப் பச்சை வாடையைக் கிளப்பிவிடும். கொதிக்கக் கொதிக்கச் சுடுநீர் விட்டு அரைத்தால் வாடை வெகுவாகக் குறையும். மிக்ஸியின் மூடியை இறுக்கிப் பிடிக்காமல், ஆவி போக வழிவிட்டுத் துணியால் மூடிக்கொண்டு அரையுங்கள். வடிகட்டிய பால் அடுப்பில் ஏறியதும், கொதிநிலைக்கு வரும் முன்பே, நுரை குபுகுபுவென்று எழும்பும். பசும்பால் பழக்கத்தில் "பொங்கிவிட்டது" என்று அங்கேயே அணைத்துவிடுகிறார்கள். அது கொதியல்ல, வெறும் நுரை. தணலைக் குறைத்து, அடிப்பிடிக்காமல் துழாவியபடி, இன்னும் 15 நிமிடம் கொதிக்க வேண்டும்.

காப்பியில் விட்டால் திரிகிறது என்பவர்கள், கொதிக்கும் டிகாக்‌ஷனில் குளிர்ந்த சோயாப் பாலை ஊற்றாமல், வெதுவெதுப்பான பாலில் டிகாக்‌ஷனைச் சிறிது சிறிதாக விடட்டும். டிகாக்‌ஷனின் புளிப்பும் சூடும் ஒன்றாகத் தாக்கும்போதுதான் புரதம் திரிகிறது.

கால்சியம்: முன்பக்க விளம்பரத்தைவிடப் பின்பக்க எண்

வீட்டுச் சோயாப் பாலில் புரதம் பசும்பாலுக்குக் கிட்டத்தட்ட வரும். கால்சியம் வராது. பசும்பாலில் 100 மி.லி.க்கு 120 மில்லிகிராம் இருக்க, வீட்டுச் சோயாப் பாலில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறுவது கடினம். கடையில் வாங்கும்போது கால்சியம் சேர்த்ததாக, சர்க்கரை சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். சத்துப் பட்டியலில் 100 மி.லி.க்கு 120 மில்லிகிராமை ஒட்டி எண் இருக்க வேண்டும். சேர்த்த கால்சியம் அடியில் படிந்துவிடும். குலுக்காமல் ஊற்றினால் அது பெட்டியின் அடியோடு குப்பைக்குத்தான் போகும். பாதாம் பால், தேங்காய்ப் பால் வகைகளில் கால்சியம் சேர்த்திருந்தாலும் புரதம் மிகச் சொற்பம். குழந்தைகளுக்குப் பாலுக்கு மாற்றாக அவற்றைத் தருவதில் உள்ள ஆபத்து இதுதான்.

டோஃபுவில் கால்சியம் எவ்வளவு என்பது எதைக்கொண்டு உறையவைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. உள்ளடக்கப் பட்டியலில் கால்சியம் சல்பேட் அல்லது ஐ.என்.எஸ். 516 (உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான குறியீட்டு எண்) என்றிருந்தால் கால்சியம் நன்றாகக் கிடைக்கும், 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கலாம். ஐ.என்.எஸ். 509 கால்சியம் குளோரைடு, அதுவும் நல்லதே. ஐ.என்.எஸ். 511 மெக்னீசியம் குளோரைடு, 575 குளுக்கோனோ டெல்டா லாக்டோன். இவற்றிலும் எலுமிச்சைச்சாறு விட்டு வீட்டில் திரித்ததிலும் புரதம் மட்டுமே நம்பிக்கையாக உண்டு. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் தேவை என்பதால் சோயாவோடு கேழ்வரகும் (30 கிராம் மாவில் 100 மில்லிகிராம்), எள்ளும், கீரையும் கட்டாயம் இருக்கட்டும்.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளில் தெம்பே பழக்கமான பண்டம். பயறை முழுதாக வேகவைத்து நொதிக்கவிடுவதால் வாயுத் தொல்லை குறைவு, இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைக்கும் ஃபைட்டேட்டும் குறைவு. சோயாவைப் பொறுத்தவரை இதைவிடச் சிறந்த வடிவம் இல்லை என்பது எங்கள் கருத்து. இங்கே கிடைக்காதவர்கள் இட்லி மாவில் உளுந்தின் கால் பங்குக்குச் சோயா சேர்த்துப் புளிக்கவைக்கலாம். எந்த வடிவமானாலும் கூடவே எலுமிச்சையோ தக்காளியோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும். சாப்பிட்ட கையோடு காப்பி, டீ குடித்தால் அது கெடும். ஒரு மணி நேரம் பொறுங்கள்.

ஒரு சொல் கடை அடையாளங்கள் பற்றி. பச்சைப் புள்ளி சைவத்துக்கானது, பால் பொருள் கலந்திருந்தாலும் அது இருக்கும். நனிசைவ உணவுக்கென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் தனி விதிமுறையும் தனி முத்திரையும் கொண்டுவந்துள்ளது, அதைத் தேடுங்கள். சோயா சாப் என்று விற்பதில் மைதாவும் கலந்திருக்கும். சோயா சாஸ் வெறும் உப்புச் சுவையூட்டி, அதைப் புரதக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஹார்மோன் பயம்

சோயாவில் உள்ள ஐசோஃபிளேவோன்கள் என்ற பொருள்கள், பெண்மைக்கான ஹார்மோனாகிய ஈஸ்ட்ரோஜனைப் போன்ற அமைப்புக் கொண்டவை. அதனால் ஆண்களுக்கு மார்பு வளரும், ஆண்மை குறையும் என்ற பேச்சு ஓயவே மாட்டேன் என்கிறது. உடலில் ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டி வேலைசெய்யும் இடங்களான ஏற்பிகள் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை. ஐசோஃபிளேவோன் பெரும்பாலும் பீட்டா வகையில், அதுவும் பலவீனமாகவே, ஒட்டுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-லும் 2021-லும் வெளியான பகுப்பாய்வுகளில், சோயா சாப்பிட்ட ஆண்களின் ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் மாறவில்லை. பயத்துக்கு ஆதாரமாகச் சொல்லப்படுவது 2008-ல் பதிவான ஒரு 60 வயது அமெரிக்கரின் கதை. அவர் நாள்தோறும் 3 லிட்டருக்குச் சற்றே குறைவாகச் சோயாப் பால் குடித்தவர். நிறுத்தியதும் சரியானார். 250 மி.லி. பால், அல்லது 100 கிராம் டோஃபு, அல்லது 25 கிராம் காய்ந்த மீல் மேக்கர் என்பதை ஒரு பங்கு என்று கொண்டால், தினம் இரண்டு மூன்று பங்கு சாப்பிடத் தயங்க வேண்டியதில்லை.

மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்கள் சோயாவையே தொடக்கூடாது என்பதும் பழைய அச்சம். சீனாவின் ஷாங்காயில் 5,042 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், உணவில் சோயா அதிகம் சேர்த்தவர்களுக்கு நோய் திரும்புவதும் இறப்பும் குறைவாகவே இருந்தன. இது உணவுக்குப் பொருந்தும். ஐசோஃபிளேவோன் மாத்திரைகளுக்குப் பொருந்தாது, அவற்றைப் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கவே கூடாது.

கெட்ட கொழுப்பான எல்.டி.எல். விஷயத்தில் சோயா உதவும், ஆனால் அளவாக. நாளுக்கு 25 கிராம் சோயாப் புரதம் எடுத்தால் 3 முதல் 4 சதவீதம் குறையும். கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்துவதற்கு இது காரணமாகாது.

உண்மையில் கவனிக்க வேண்டியவர்கள்

தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள்தான் முதலில். அந்த மாத்திரையிலுள்ள லெவோதைராக்ஸின் என்ற மருந்து உடலில் சேர்வதைச் சோயா தடுக்கிறது. காலையில் மாத்திரை, அரை மணியில் சோயாப் பால் காப்பி என்று பழகிவிட்டால், மருந்தின் அளவு சரியாக இருந்தும், தைராய்டு குறைவைக் காட்டும் டி.எஸ்.எச். என்ற இரத்த அளவு ஏறிக்கொண்டே போகும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துச் சிற்றுண்டி, சோயாவும் கால்சியம் மாத்திரையும் 4 மணி நேரத்துக்குப் பிறகு. சோயாவைப் புதிதாகத் தினசரி உணவில் சேர்த்தால் 6 முதல் 8 வாரத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கூடவே உப்பையும் பாருங்கள். இயற்கை என்று நம்பி இந்துப்புக்கு மாறியவர்களுக்கு அயோடின் கிடைப்பதில்லை. பாலும் மீனும் முட்டையும் இல்லாத உணவில் அயோடின் கலந்த உப்புதான் கைகொடுக்கும். அயோடின் குறைவாக உள்ளவர்களிடம்தான் சோயா தைராய்டுக்குத் தொல்லை தருகிறது.

சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் முற்றாகத் தவிர்க்க வேண்டும். ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்களும், சிறுநீரகச் செயல்பாடு குறைந்து புரதத்துக்குக் கட்டுப்பாடு உள்ளவர்களும் அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவுசெய்யட்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு வீட்டிலோ கடையிலோ கிடைக்கும் சாதாரணச் சோயாப் பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றாகத் தரவே கூடாது.

கடைசியாக பி12. சோயாவில் அது இல்லை. தெம்பேயில் உண்டு என்று சொல்வதை நம்பி இருக்க முடியாது. குறைபாடு தெரிய ஆண்டுக்கணக்காகலாம், பாதத்தில் ஊசி குத்துவதுபோல் மதமதப்பு, மறதி, நாக்கு எரிச்சல் என்று மெல்லத் தொடங்கும். கீரையும் பயறும் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு ஃபோலேட் என்ற வைட்டமின் தாராளமாக இருப்பதால் இரத்தசோகை வெளியில் தெரியாமலேயே நரம்பு பாதிக்கப்படலாம். நாள்தோறும் குறைந்தது 10 மைக்ரோகிராம், அல்லது வாரத்தில் 2000 மைக்ரோகிராம் மாத்திரையாக எடுப்பது பரவலாகப் பரிந்துரைக்கப்படும் அளவு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு அந்த மருந்தே பி12-ஐக் குறைக்கும் என்பதால், அவர்கள் மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளாமல் ஆண்டுக்கு ஒருமுறை இரத்தத்தில் அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.