தறி இல்லாத வீட்டில் நூல் மூட்டை

போன வாரம் ஒரு சிறுவன் நிமோனியாவோடு வந்தான். கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தைச் செய்யும் பி செல்கள் பிறவியிலேயே இல்லாதவன். அதனால் அவனுக்கு ஆன்டிபாடியை டிரிப்பில் ஏற்றுகிறோம். "ஆஸ்பத்திரியில தொத்திக்குமோன்னு பயந்து ரெண்டு டிரிப்பை விட்டுட்டோம் டாக்டர். ஆனா எதிர்ப்பு சக்திக்கு இதெல்லாம் விடாம கொடுத்தோம்" என்று அம்மா பையைத் திறந்தார். வைட்டமின் சி, துத்தநாக மாத்திரை அட்டைகள். ஒவ்வொரு குழியின் மேலும் கொடுத்த தேதியைப் பேனாவால் எழுதியிருந்தார். அந்த அக்கறையைப் பார்த்துவிட்டு எப்படித் திட்டுவது? 2020-இல் கொரோனா பயத்தில் இதையே எத்தனை பேரிடம் பார்த்தேன்!

'எதிர்ப்பு சக்தி குறைவு' என்று நாம் சொல்வதே வினை. குறைந்ததை ஏற்றிக்கொள்ளலாம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். இவனுக்கு எதுவும் குறையவில்லை, ஆன்டிபாடியைச் செய்யும் செல்லே உருவாகவில்லை. மரபணுப் பிழையால் எலும்பு மஜ்ஜையிலேயே அதன் வளர்ச்சி நின்றுவிட்டது. தறியே இல்லாத வீட்டில் நூலை மூட்டை மூட்டையாக இறக்கினால் துணி வருமா? மாத்திரை, டானிக், பொடி எல்லாம் அந்த நூல்தான். டிரிப்பில் ஏறும் இம்யூனோகுளோபுலின், அதாவது ஆன்டிபாடி, ஆயிரக்கணக்கானோர் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து (ரத்தத்தின் நீர்ப்பகுதி) எடுத்த ஆயத்தத் துணி. அதில் பாதி மூன்று வாரத்தில் கரைந்துவிடும். அதனால்தான் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்கிறோம்.

பிறவிக் குறைபாடுகள் எல்லாம் ஒன்றல்ல. ஆன்டிபாடி இல்லாதவர்கள் கொரோனாவில் பிழைப்பதே கடினம் என்று நாங்களே அஞ்சினோம். வைரஸ் புகுந்த செல்களை அழிக்கும் டி செல்கள் நன்றாக இருந்ததால் பலர் தேறினார்கள். சிலருக்கு வைரஸ் மாதக்கணக்கில் போகவில்லை. வைரஸ் நுழைந்ததும் உடல் எழுப்பும் முதல் எச்சரிக்கையான இன்டர்ஃபெரான் பாதையில் கோளாறு உள்ளவர்கள்தான் வேகமாக மோசமானார்கள்.

சரி, என்ன செய்யலாம்? கேட்காமல் டிரிப்பை நிறுத்தாதீர்கள். வரப் பயமாக இருந்தால் போன் செய்யுங்கள், தோலுக்கடியில் வீட்டிலேயே செலுத்தும் வழியும் உண்டு. வீட்டிலுள்ள மற்றவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். நோயாளிக்கு உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பு மருந்து எதையும் எங்களைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. கொரோனாவுக்கான எம்ஆர்என்ஏ தடுப்பூசி அந்த வகை அல்ல. காய்ச்சல் வந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். கொரோனாவுக்கான வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை முதல் ஐந்து நாளுக்குள் தொடங்க வேண்டும்.

அப்புறம், சக மருத்துவர்களே, கொரோனா வந்ததா என்று பார்க்க, தயவுசெய்து இவர்களுக்கு ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனை எழுதாதீர்கள். அதில் தெரிவது பிளாஸ்மா கொடுத்தவர்களின் ஆன்டிபாடி. மூக்கிலிருந்து சளி எடுத்து வைரஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.