உதையின் வேகம் ஊன்றிய காலில்

கொரியப் போர்க்கலையான டேக்வாண்டோவின் போட்டிகளில் அதிகம் விழும் உதை டோல்யோ சாகி எனும் சுழல் உதை. பார்ப்பவர் கண் உதைக்கும் காலிலேயே இருக்கும். நல்ல பயிற்சியாளர் பார்ப்பது தரையில் ஊன்றிய மற்றொரு காலை.

பின்கால் தரையைத் தள்ளியதும் உடல் எடை முன்காலுக்கு மாறுகிறது. பின்கால் முட்டி இறுக மடிந்து, பக்கவாட்டில் அலையாமல் எதிராளியை நோக்கி நேராக மேலே வருகிறது. மடித்த காலின் எடை இடுப்புக்கு அருகிலேயே இருப்பதால் அதைச் சுழற்றக் குறைந்த விசை போதும். இதற்குள் ஊன்றிய காலின் குதிகால் சற்றே எழ வேண்டும். முன்பாதத்தின் மேல் பாதம் சுழன்று, குதிகால் எதிராளியின் பக்கம் வர வேண்டும். அப்போதுதான் இடுப்பு முழுதாகத் திரும்பும். இடுப்பின் வேகம் தொடைக்குப் போகிறது. தொடை வேகம் தணியும் கணத்தில் முட்டிக்குக் கீழ்ப்பகுதி விரிகிறது. சாட்டையின் பிடியில் பிறந்த அசைவு நுனியில் சொடுக்குவதும் இதே கணக்கில்தான். தேர்ந்த வீரரின் பாதம் நொடிக்கு 10 மீட்டருக்கும் மேலான வேகத்தில் வந்து விழுகிறது.

ஊன்றிய பாதம் திரும்பாமல் போனால் உதை பலமிழப்பதோடு நிற்காது. மெத்தையில் பாதம் ஒட்டிக்கொள்ள, மேலுடல் மட்டும் திரும்பும்போது அந்த முறுக்கல் முழுவதும் முழங்கால் தசைநார்கள் மேல் இறங்குகிறது. புதியவர்கள் அதிகம் செய்யும் இன்னொரு தவறு, காலை மடிக்காமல் வெளிப்புறமாக வளைத்து வீசுவது. அது மெதுவாக வரும். எதிராளி தோளசைவைப் பார்த்தே விலகிவிடுவார். கணுக்காலை நீட்டாமல் உதைத்தால் புறங்காலுக்குப் பதில் விரல்கள் போய் எதிராளியின் முழங்கையில் மோதும். டோஜாங் எனப்படும் பயிற்சிக் கூடங்களில் கால்விரல் வீக்கத்துக்கு இது வழக்கமான காரணம்.

திருத்துவதற்குச் சுவர் போதும். ஒரு கையால் சுவரைப் பிடித்து நான்கு எண்ணிக்கையில் செய்யுங்கள்: ஒன்றில் முட்டியை மடித்துத் தூக்குதல், இரண்டில் ஊன்றிய பாதத்தையும் இடுப்பையும் திருப்புதல், மூன்றில் காலை விரித்தல், நான்கில் மறுபடி மடித்தல். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை, மூன்று சுற்று. நான்காவது எண்ணைப் பலர் விழுங்கிவிடுகிறார்கள். விரித்த காலை அப்படியே கீழே போட்டால் உடல் முன்னால் சாய்ந்து, அடுத்த உதைக்கும் தற்காப்புக்கும் நேரமில்லாமல் போகும். கால் பழகிய பின்பே, துணைவர் கையில் பிடிக்கும் பயிற்சிப் பலகைக்கு உதைக்க வேண்டும். பலகை பிடிப்பவர் முழங்கையைத் தளர்வாக மடித்து வைத்திருக்கட்டும். வரும் உதைக்கு எதிராக அவரும் பலகையைத் தள்ளினால் உதைப்பவரின் கணுக்கால் அளவுக்கு மீறி வளையும். வகுப்பின் தொடக்கத்தில் காலை முன்னும் பின்னும் வீசிச் சூடேற்றுவது நல்லது. நெடுநேரம் அசையாமல் இழுத்துப் பிடிக்கும் நீட்சிகள் தசையின் திடீர் விசையைத் தற்காலிகமாகக் குறைப்பதால், அவற்றுக்கு உரிய இடம் வகுப்பின் இறுதி.

இந்த உதை ஈராயிரம் ஆண்டுப் பழமை கொண்டது என்று பல டோஜாங்குகளில் சொல்கிறார்கள். அதை ஏற்க முடியவில்லை. பழங்காலக் கொரியாவின் கொகுர்யோ அரசுக் காலத்துக் கல்லறை ஓவியங்களில் இருவர் எதிரெதிரே நிற்பது சண்டைதானா என்பதே உறுதியில்லை. 1790இல் கொரியாவின் ஜோங்ஜோ மன்னர் காலத்தில் தொகுக்கப்பட்ட போர்க்கலை நூலில் 24 பயிற்சிகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை ஆயுதம் சார்ந்தவை. வெறுங்கைச் சண்டைக்கு ஒரே பகுதிதான். காலால் ஆடும் தேக்கியோன் என்ற கொரிய விளையாட்டு உண்மையிலேயே பழையது. அதை 20ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் சோங் டோக்-கி. 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் அது இடம்பெற்றது.

டேக்வாண்டோவின் நேரடி வேர் வேறிடத்தில் இருக்கிறது. கொரியா 1910 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. ஜப்பானில் படிக்கச் சென்ற லீ வோன்-குக், ரோ பியோங்-ஜிக் போன்றோர் ஃபுனாகோஷி கிச்சினிடம் கராத்தே கற்றுத் திரும்பினார்கள். லீ 1944இல் சியோலில் சுங் டோ குவான் பள்ளியைத் தொடங்கினார். 1945க்குப் பின் பெருகிய இத்தகைய பள்ளிகளுக்குப் பொதுவாக டேக்வாண்டோ என்ற பெயர் 1955இல் முன்வைக்கப்பட்டது. அதற்கு முன்னின்றவர் ஜெனரல் சோய் ஹோங்-ஹி. 1972இல் சியோலில் டேக்வாண்டோவின் தலைமையகமான குக்கிவோன் திறக்கப்பட்டது. மறு ஆண்டு முதலாவது உலகப் போட்டி நடந்தது.

உதையை உச்சத்துக்குக் கொண்டுவந்தவை போட்டி விதிகள் என்றே சொல்வேன். முகத்தில் குத்தக் கூடாது, இடுப்புக்குக் கீழே தாக்கக் கூடாது என்று ஆனதும் கைக்கு வேலை குறைந்தது. கையைவிட நீளமும் எடையும் கொண்ட கால் முன்னுக்கு வந்தது. பூம்சே எனப்படும் தனியாட்ட வரிசைகளில் பழைய முகம் இன்னும் தெரிகிறது. கறுப்புப் பட்டைக்கு முந்தைய நிறப் பட்டைக்காரர்கள் கற்கும் எட்டுத் தேகுக் வரிசைகளில் முதல் மூன்றிலும் உள்ள உதை நேர் உதை மட்டுமே. டோல்யோ சாகி ஆறாவதில்தான் தலைகாட்டுகிறது.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் மின்னணு மார்புக் கவசம் வந்தபோது உதை மறுபடி உருமாறியது. காலுறையில் உள்ள காந்தத் துண்டுகளைக் கவசம் உணர வேண்டும். அடியின் பலமும் எடைப்பிரிவுக்கு உரிய அளவைத் தாண்ட வேண்டும். வேகமாக விழுந்து சத்தமெழுப்பும் உதையைவிட, பாதம் நன்றாகப் படிந்து அழுத்தும் உதைக்குப் புள்ளி விழத் தொடங்கியது. வீரர்கள் முன்காலைத் தூக்கியபடியே நொண்டி, எதிராளியைத் தள்ளித் தள்ளி நிறுத்தினார்கள். ஆட்டம் பார்க்கச் சலிப்பூட்டியது. ஆகவே, தடுப்பதற்காகக் காலை 3 நொடிக்கு மேல் தூக்கி வைத்திருந்தால் தண்டனைப் புள்ளி என்று விதி மாறியது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் உடலில் விழும் சாதாரண உதைக்கு 2 புள்ளி, தலைக்கு 3. முதுகைத் திருப்பிச் சுழன்று உதைத்தால் உடலுக்கு 4, தலைக்கு 5. முன்காலை மட்டும் நம்பியிருந்த அணிகள் சுழன்று உதைக்கும் பயிற்சிக்கு மறுபடி நேரம் ஒதுக்க வேண்டியதாயிற்று.