சொல் போனது, காது போகவில்லை: மோரிஸ் ராவெலும் அஃபேசியாவும்

ஸ்ட்ரோக் வந்து பேச்சு நின்றவர்களை முதல்முறை என்னிடம் கூட்டிவரும் வீட்டார், அவர் எதிரிலேயே சொல்வது பெரும்பாலும் இதைத்தான்: "இவருக்கு எல்லாமே மறந்துபோச்சு மேடம். நாம பேசுறது எதுவும் புரியாது." பக்கத்து நாற்காலியில் இருப்பவர் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். அந்தக் குனிவிலேயே எனக்குத் தெரிந்துவிடும், அவருக்கு நன்றாகப் புரிகிறது என்று.

பேச்சுப் பயிற்சி அளிப்பது என் தொழில். மூளை பாதிக்கப்பட்டு, பேசவோ எழுதவோ படிக்கவோ சொல்வதைப் புரிந்துகொள்ளவோ வரும் தடுமாற்றத்தை அஃபேசியா என்போம். இப்படிச் சொல்கிறவர்களுக்கு நான் பாடம் எதுவும் எடுப்பதில்லை. ஒரு பிரெஞ்சு இசையமைப்பாளரின் கதையைச் சொல்வேன். அவர் பெயர் மோரிஸ் ராவெல். பெயர் தெரியாவிட்டாலும் அவருடைய 'பொலேரோ'வை எங்காவது கேட்டிருப்பீர்கள். ஒரு சின்ன டிரம் முதலிலிருந்து கடைசிவரை ஒரே தாளத்தைத் தட்டிக்கொண்டே இருக்க, ஒரே மெட்டு புல்லாங்குழலில் மெதுவாகத் தொடங்கி, வாத்தியம் வாத்தியமாகக் கைமாறி, கால் மணி நேரத்தில் ஆர்கெஸ்ட்ரா முழுவதும் சேர்ந்து முழங்கும்.

ராவெல் 1875இல், ஸ்பெயின் எல்லையை ஒட்டிய சிபூர் என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். அம்மா பாஸ்க் இனத்தவர். அப்பா பொறியாளர். இயந்திரங்கள் மீதான மோகம் அப்பாவிடமிருந்து வந்தது என்பார்கள். இன்னொரு பிரெஞ்சு இசையமைப்பாளரான டெபுஸ்ஸியோடு சேர்த்து இவரையும் இம்ப்ரெஷனிஸ்ட் (தெளிவான வடிவத்தைவிட ஒரு சூழலின் சாயலை எழுப்பும் பாணிக்காரர்) என்பது வழக்கம். 1901இல் பியானோவுக்காக எழுதிய 'ழூ தோ'வில் தண்ணீர் சிதறுவதும் வழிவதும் காதில் விழும். அந்தப் பட்டம் ஏன் ஒட்டிக்கொண்டது என்று அப்போது புரியும். ஆனால் பனிமூட்டம் போன்ற இசை என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். ஒவ்வொரு சுரமும் கடிகாரப் பல்சக்கரம் போல அளவெடுத்துப் பொருத்தியதாக இருக்கும். பாரிஸுக்கு வெளியே மோன்ஃபோர் லமோரி என்ற ஊரில் அவர் வாழ்ந்த சின்ன வீடு முழுக்கச் சாவி கொடுத்தால் ஆடும் பொம்மைகள். பாடும் பறவை பொம்மை ஒன்று அவருக்கு உயிர்.

இவ்வளவு துல்லியமான கைக்குத்தான் எழுத்து மறந்துபோனது.

1932 அக்டோபரில் பாரிஸில் அவர் சென்ற டாக்ஸி விபத்துக்குள்ளானது. அதற்கு முன்பே சின்னச் சின்னத் தடுமாற்றங்கள் இருந்தன. பிறகு அவை கூடிக்கொண்டே போயின. அடுத்த கோடையில் கடலில் இறங்கியபோது, நன்றாக நீந்தத் தெரிந்த அவருக்குக் கைகால்களை எப்படி அசைப்பது என்று பிடிபடவில்லை. நண்பர் ஒருவருக்கு நாலு வரிக் கடிதம் எழுத ஒரு வாரம் பிடித்தது. ஒவ்வொரு எழுத்தின் வடிவத்தையும் லரூஸ் அகராதியில் தேடிப் பார்த்துப் பார்த்து எழுதினார். ரசிகர்கள் நீட்டிய தாளில் கையெழுத்துப் போடுவதே பெரும்பாடாகிவிட்டது. ஆனால் ஜான் ஆஃப் ஆர்க் பற்றிய ஓர் ஆப்பெரா (இசை நாடகம்) தன் தலைக்குள் கேட்கிறது, அதை எழுதத்தான் முடியவில்லை என்று நண்பர்களிடம் சொல்லி வருந்தினார்.

அவரைப் பரிசோதித்த நரம்பியல் மருத்துவர் தெயோஃபில் அலழுவானின், தான் கண்டதை 1948இல் 'பிரெயின்' என்ற மருத்துவ இதழில் விரிவாக எழுதினார். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அவசியம் படிக்க வேண்டிய கட்டுரை அது. சுரங்களின் பெயரைச் சொல்ல ராவெல் திணறினார். எழுதிவைத்த இசைக் குறிப்பைப் பார்த்து வாசிப்பது ஏறக்குறைய முடியாமல் போனது. சொல்லச் சொல்ல எழுதுவதில் தப்புக்கு மேல் தப்பு. அதே ராவெல், தன் படைப்பை யாராவது வாசிக்கும்போது ஒரு சுரம் பிசகினாலும் உடனே கண்டுபிடித்தார். பியானோ சுருதி இறங்கியிருந்ததையும் அவர் காது விடவில்லை. முதல் சுரத்தை எடுத்துக் கொடுத்தால், தன் பாட்டை மனப்பாடமாகப் பாடவும் முடிந்தது.

அந்தக் கடைசி வரியில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன். நானும் தினமும் அதைத்தானே செய்கிறேன்? டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தவிப்பவரிடம் "த..." என்று மட்டும் எடுத்துக் கொடுத்தால், "தண்ணி" என்று முடித்துவிடுவார். சொல் அழிந்துபோகவில்லை. அது இருக்கும் இடத்துக்குப் போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

என்னிடம் வந்த டெய்லர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). கத்திரிக்கோல் படத்தைக் காட்டினால் பெயர் வராது. இரண்டு விரலைக் கத்திரி போல ஆட்டிக் காட்டுவார். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, பயிற்சிக்கு நடுவில் எட்டி என் சுடிதாரின் இடது தோளைத் தொட்டு, கை மூட்டிய இடத்தில் ஒரு சுருக்கத்தை விரலால் நீவிக் காட்டி, முகத்தைச் சுளித்தார். தையல் சரியில்லை என்கிறார். ஆறு மாதமாக அதைப் போட்டுக்கொண்டிருந்த நான் ஒருநாளும் கவனித்ததில்லை. அவர் மனைவி அழுதுவிட்டார். "இவருக்கு ஒண்ணும் தெரியலைன்னு நினைச்சுட்டேனே!"

பொலேரோவில் ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வருவதையே நோயின் முதல் அறிகுறி என்று எழுதிய மருத்துவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதை எழுதிய 1928இன் தொடக்கத்தில்தான் மாதக் கணக்கில் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய்க் கச்சேரி நடத்திவிட்டு வந்திருந்தார். அதற்கு அப்புறம் இரண்டு பியானோ கான்செர்ட்டோ (பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) எழுதினார். அதில் ஒன்று, போரில் வலது கையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கென்ஸ்டைனுக்காக இடது கைக்கு மட்டுமே எழுதியது. மெட்டை வளர்க்காமல் வாத்தியங்களை மட்டும் கூட்டிக்கொண்டே போவது அவர் தெரிந்தே செய்து பார்த்த சோதனை. ஒருவருக்கு நோய் என்று தெரிந்ததும், அவர் முன்பு செய்ததையெல்லாம் நோயின் கணக்கில் எழுதும் பழக்கத்தை வீடுகளிலும் பார்க்கிறேன்.

அஃபேசியா திடீரென்றும் வரும், மெல்ல மெல்லவும் வரும். காலையில் நன்றாகப் பேசியவருக்கு மத்தியானம் நாக்குக் குழறினால், வாய் கோணினால், ஒரு கை தொய்ந்தால், ஒரு நிமிடம்கூட வீட்டில் வைத்திருக்காதீர்கள். ரத்தக் கட்டைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திருந்து அந்த நேரத்தைத் தொலைத்தவர்கள் என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள். மாதக்கணக்கில் சொல் ஒவ்வொன்றாக நழுவினால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். ராவெலுக்கு வந்தது இந்த இரண்டாவது வகை. மூளையின் மொழிப் பகுதி படிப்படியாகத் தேயும் நோயாக இருக்கலாம் என்று இன்று பலரும் கருதுகிறார்கள். உடற்கூறு ஆய்வு நடக்காததால் முடிவான விடை கிடையாது.

பாட்டுக்கும் வருகிறேன். "தண்ணி" என்று கேட்க முடியாதவர், பழைய சினிமாப் பாட்டின் பல்லவியைத் தடையில்லாமல் பாடுவதைப் பார்த்திருக்கிறேன். பழகிய பாட்டுக்கு மூளையின் வலது பக்கமும் கைகொடுக்கிறது. 1970களில் பாஸ்டனில் இதை ஒரு பயிற்சி முறையாகவே வகுத்தார்கள்: தேவையான சொற்றொடரை ராகம் போட்டு, இடது கையால் தட்டிக்கொண்டே சொல்லவைத்து, பிறகு ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடுவது. சொன்னது புரிந்து, பேச்சு மட்டும் வராதவர்களுக்கு இது உதவும், எல்லோருக்கும் அல்ல. போனில் பாட்டைப் போட்டுவிட்டால் பேச்சு வந்துவிடும் என்று யாராவது வீடியோவில் சொன்னால் நம்பாதீர்கள்.

வீட்டில் அவரிடம் கத்திப் பேச வேண்டாம். காது நன்றாகவே கேட்கிறது. ஒரு நேரத்தில் ஒரு கேள்வி போதும். "என்ன வேணும்?" என்பதைவிட "காபியா, டீயா?" என்று இரண்டையும் காட்டிக் கேட்டால் அவருக்குச் சுலபம். பத்து விநாடி காத்திருங்கள். அவர் எதிரில் அவரைப் பற்றி மூன்றாம் மனிதரிடம் பேசாதீர்கள்.

ராவெலின் நண்பர்கள் அவரைத் தனியாக விடவில்லை. நடக்கக் கூட்டிப் போனார்கள், கச்சேரிக்கு அழைத்துப் போனார்கள். எழுத முடியாத ஆர்கெஸ்ட்ரா வேலையில் அவருடைய மாணவர் மனுவேல் ரோசந்தால் போன்றவர்கள் அவருக்குக் கையாக இருந்தார்கள். 1937 டிசம்பரில் மூளையில் கட்டி இருக்குமோ என்று மருத்துவர்கள் மண்டையைத் திறந்து பார்த்தார்கள். கட்டி இல்லை. டிசம்பர் 28 அன்று, 62 வயதில் இறந்துபோனார்.

டெய்லரின் வீட்டில் இப்போது தைத்து முடித்த துணி எல்லாம் முதலில் அவர் மடிக்குத்தான் வருகிறது. பேச்சு இன்னும் நாலைந்து சொல்லைத் தாண்டவில்லை. தப்பு இருக்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து, மகனிடம் திருப்பிக் கொடுக்கிறார்.