தலையீற்றுக்கு எந்தக் காளை?

போன மாதம் ஒரு ஞாயிறு காலை. வெள்ளவத்தை வீட்டில் இடியப்பமும் சொதியும் ஆறிக்கொண்டிருக்க, கைபேசியில் நாற்பது பக்கக் காளைப் பட்டியல் ஒன்று வந்து விழுந்தது. அனுப்பியவன் அக்காவின் மகன். அவுஸ்திரேலியாவில், விக்டோரியாப் பக்கம், இறைச்சி மாட்டுப் பண்ணை ஒன்றில் வேலை. “மாமா, அறுபது நாகுக்கு ஊசி போடப் போறம். பதினேழாம் பக்கத்தில நிக்கிறவன் எப்பிடி?” நாகு என்றால் இன்னும் கன்று போடாத இளம் பசு; ஊசி என்று அவன் சொன்னது செயற்கைமுறைச் சினைப்படுத்தலை.

நின்றவன் அங்கஸ் இனக் காளை. கரிய உடம்பு, பெட்டி போன்ற நெஞ்சு, தூண் மாதிரிக் கால்கள். வண்டிற் சவாரிக்கு மாடு தேடிப்போகிற நம் ஆட்கள் கண்டால், சுழிகூடப் பார்க்காமல் கயிற்றைப் பிடித்திருப்பார்கள். நான் ஓய்வுபெற்ற மிருக வைத்தியர். வேலை செய்த காலமெல்லாம் பார்த்தது பால்மாடு. மாட்டிறைச்சி வாசலுக்கே வராத வீட்டில் பிறந்தவன் வேறு. ஆச்சி இருந்திருந்தால் பட்டியலைத் திறக்கவே விட்டிருக்க மாட்டா. என்றாலும் கன்று வெளியே வரும் வழி எல்லா மாட்டுக்கும் ஒன்றுதானே. “அவன் வேண்டாம்” என்று எழுதிவிட்டு, ஏன் என்று விளக்கப் போய் அரைநாள் போயிற்று. அந்த விளக்கம்தான் இது.

சவாரிக்கு மாடு பார்க்கிற கண்ணில் பிழையில்லை. அங்கே ஓடப்போவது அதே மாடு. செயற்கைமுறைச் சினைப்படுத்தலில் காளை வருவதே இல்லை. அதன் மரபணுக்களில் பாதி மட்டும், கால் மில்லிலீற்றர் பிடிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழலுக்குள், மறை 196 பாகை செல்சியசில், திரவ நைதரசனில் உறைந்து வருகிறது. காளையின் நெஞ்சையோ தோளையோ பார்த்து, அதன் கன்று இலகுவாக வெளிவருமா என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே பிறந்த கன்றுகளிடம்தான் கேட்க வேண்டும்.

நாகுக்கு ஏன் இவ்வளவு கவனம்? 14, 15 மாதத்தில் சினைப்படும் நாகு இரண்டு வயதில் கன்று போடும். நன்றாகத் தீனி கிடைத்தாலும் அப்போது அது முழுப் பசுவின் எடையில் ஏறத்தாழ 85 வீதத்தைத்தான் எட்டியிருக்கும். இடுப்பெலும்பு வளையமும் வளர்ந்து முடிந்திராது. அந்த வளையத்துக்குள்ளால் கன்றின் தலை, தோள், இடுப்பு மூன்றும் வரவேண்டும். சிக்கினால் கன்று மூச்சில்லாமல் போகும். தாயின் நரம்பு நசுங்கி எழும்ப முடியாமல் படுக்கும். இளங்கொடி விழாமல் தங்கும். அடுத்த வேட்கை தள்ளிப்போகும். மட்டக்களப்பின் படுவான்கரையில் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில், கன்றின் முன்னங்காலில் கயிறு கட்டி, தோள்வரை கையை விட்டுக்கொண்டு விடிந்த இரவுகள் எனக்கு இன்னும் கனவில் வரும். இரண்டாம் ஈற்றில் இந்தச் சிக்கல் வெகுவாகக் குறைந்துவிடும்.

சிக்கலின் முதற் காரணம் கன்றின் பிறப்பெடை. அதைத் தீர்மானிப்பதில் தாய், தகப்பன் இருவருக்கும் பங்கு உண்டு. தாயின் பங்கைக் காட்டிய அழகான பரிசோதனை 1938இல் வெளியானது. பிரித்தானியாவில் வோல்ற்றன், ஹமண்ட் என்ற இருவர், யானை மாதிரி நிற்கும் ஷயர் குதிரையையும் குட்டையான ஷெட்லண்ட் குதிரையையும் கலந்தார்கள். இயற்கையில் அந்தச் சோடி சேராது, ஆகவே செயற்கைமுறைதான். ஷயர் தாய் போட்ட கலப்புக் குட்டி, ஷெட்லண்ட் தாய் போட்ட கலப்புக் குட்டியைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு எடையாக இருந்தது. இரண்டிலும் பெரிய இனத்தின் பாதி, சிறிய இனத்தின் பாதி. கருப்பை இடங்கொடுக்கிற அளவுக்குத்தான் குட்டி வளர்ந்திருக்கிறது.

அப்படியானால் தாயே பார்த்துக்கொள்ளுமே, காளையைப் பற்றி ஏன் கவலை என்று மருமகன் கேட்டான். நல்ல கேள்வி. தாய் அடக்கும், ஆனால் முழுக்க அடக்காது. அடக்கும் அளவும் இனத்துக்கு இனம் மாறும். திமிலுள்ள நம் நாட்டு மாட்டு வகைப் பசு, ஐரோப்பியக் காளையின் கன்றை நன்றாகவே அடக்கிச் சிறிதாகப் போடும். மறுபக்கம் திருப்பினால், அதாவது பிராமன் என்ற திமிலுள்ள இனத்துக் காளையை ஐரோப்பியப் பசுவோடு சேர்த்தால், கன்று எதிர்பார்த்ததைவிடக் கனத்துப் பிறக்கும்; கடுவன் கன்றென்றால் இன்னும் மோசம். அங்கஸ் நாகுக்குப் பிராமன் குழலைப் போடுவது கேட்டு வாங்கும் வில்லங்கம்.

கடைசி மூன்று மாதம் தீனியைக் குறைத்தால் கன்று சிறிதாகும் என்று ஊரிலும் சொல்வார்கள், அங்கேயும் சொல்கிறார்களாம். கன்று அவ்வளவாகச் சிறுக்காது. தாய்தான் மெலியும், கடும்புப் பால் குறையும், முக்குவதற்குத் தெம்பிருக்காது.

இனி எண்கள். அவுஸ்திரேலியாவில் பிறீட்பிளான் என்ற முறையில், காளையின் கன்றுகள், உறவு மாடுகள், மரபணுச் சோதனை எல்லாவற்றையும் சேர்த்து ஒவ்வொரு குணத்துக்கும் ஓர் இனவிருத்திப் பெறுமதி கணிக்கிறார்கள். உதாரணத்துக்கு, ஒரு காளையின் பிறப்பெடைப் பெறுமதி +6 கிலோ, இன்னொன்றினது +2 என்று வையுங்கள். வித்தியாசம் 4. கன்றுக்குப் போவது பாதி என்பதால், ஒரேமாதிரியான பசுக்களில் இரண்டின் கன்றுகளும் சராசரியாக 2 கிலோ வேறுபடும். கேட்கச் சிறிய எண். இறுகிய வழியில் அந்த 2 கிலோதான் கயிறு கட்டுவதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும்.

ஆனாலும் நாகுக்கு முதலில் பார்க்க வேண்டிய எண் அதுவல்ல. ‘ஈனும் இலகு’ என்று ஒன்று உண்டு: இரண்டு வயது நாகுகளில் எத்தனை வீதம் கைபடாமல் கன்று போடும் என்ற வித்தியாசம். கூடக் கூட நல்லது. பிறப்பெடையும் சினைக்காலமும் இந்தக் கணக்குக்குள் ஏற்கெனவே போட்டாயிற்று. (கடைசி நாட்களில் கன்று தினமும் அரைக் கிலோவுக்குக் கிட்ட ஏறும், ஐந்து நாள் முந்திப் பிறந்தால் அதுவே லாபம்.) ஆகவே இலகுவையும் பார்த்து, பிறப்பெடையாலும் மறுபடி அரித்தால், ஒன்றையே இரண்டுதரம் எண்ணி நல்ல காளைகளை வீணாகக் கழிப்போம்.

பதினேழாமவன் வழுக்கியது இன்னொரு இடத்தில். ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே நம்பகத்தன்மை வீதம் சின்ன எழுத்தில் இருக்கும். இவன் இளங்காளை, சொந்தக் கன்றுகள் பற்றிய பதிவு இல்லை, எண் பெரும்பாலும் தாய் தகப்பனை வைத்துச் சொன்ன ஊகம். நூற்றுக்கணக்கான கன்றுகள் பதிவான காளையின் எண் அவ்வளவு இலகுவில் அசையாது. ஊசி முறையின் பெரிய வசதியே அப்படிப்பட்ட காளை எந்தப் பண்ணைக்கும் எட்டுவதுதான்.

அதற்காகக் கடைக்கோடிக்குப் போகவும் கூடாது. மிகச் சிறிய கன்றே வேண்டுமென்று காளையைத் தெரிவுசெய்தால் வளர்ச்சியும் சேர்ந்து குறையும், விற்கிறபோது எடை நிற்காது. பிறக்கும் நாகுகளை வைத்துக்கொள்ளப் போகிறோமென்றால், அவை சின்ன இடுப்போடு வளர்ந்து நாளை அதே சிக்கலுக்கு வரும். மகள்களின் ஈனும் இலகுவுக்குத் தனி எண் உண்டு, அதையும் பார்க்க வேண்டும். சிறிதாய்ப் பிறந்து வேகமாய் வளரும் கன்று தரும் காளைகளும் இருக்கின்றன. குழல் விலை அதற்கேற்ற மாதிரி.

காலி வீதிக் கடைகளில் அடுக்கியிருக்கிற நியூசிலாந்துப் பால்மாவுக்குப் பின்னாலும் இதே கணக்குத்தான். அங்கே பால் நாகுகளோடு ஜேர்சிக் காளைகளை விடுவது பழைய வழக்கம். கன்றுக்குப் பெரிய விலை கிடையாது, ஆனால் தாய் நலமாய் எழும்பி நின்று பால் தரும்.

பின்னேரம் திரும்பவும் செய்தி வந்தது. முப்பத்தொன்றாம் பக்கம் பார்த்தேன். ஈனும் இலகு நல்லாய் மேலே, நம்பகத்தன்மை 90க்கு மேல், வளர்ச்சி நடுத்தரத்துக்குக் கொஞ்சம் கூட. “எண் எல்லாம் சரி, மாமா. ஆனா ஆள் வடிவில்லை.”

“நாகு அவனைக் காணப்போறேல்லையே” என்று எழுதிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.