இண்டி: தற்சார்புப் பாட்டும் ஆண்டுத்தொகையும்

டிசம்பர் பிறந்ததும் "இந்த ஆண்டில் பிடித்த இண்டி பாட்டுகள்" என்ற தலைப்பில் பட்டியல்கள் கைமாறத் தொடங்கிவிடும். திறந்து பார்த்தால், மெல்லிய குரலும் கிட்டாருமாக வந்த பாட்டெல்லாம் ஒருபக்கம், திரைப்படத்தில் இடம்பெறாத பாட்டெல்லாம் இன்னொரு பக்கம் என்று கலந்து கிடக்கும். அதில் உலகின் மிகப் பெரிய இசை நிறுவனங்கள் காசு போட்டு வெளியிட்டவையும் இருக்கும். இண்டி என்ற சொல் ஒரு பாட்டு எப்படி ஒலிக்கிறது என்பதைக் குறிக்க வந்ததில்லை. அந்தப் பாட்டு யார் காசில் உருவானது, உரிமை யார் கையில் தங்கியது என்பதைக் குறிக்கத்தான் வந்தது. தமிழில் நிகர்ச்சொல் தேடும்போதும் இதைப் பிடித்துக்கொண்டால் வழி தெரியும். அதைப் பார்த்துவிட்டு, ஆண்டின் பாட்டுகளைத் தேர்ந்து அடுக்கும் ஆண்டுத்தொகைக்கு வருவோம்.

இண்டிபெண்டண்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் தலைப்பகுதியை மட்டும் எடுத்துச் செல்லப்பெயர் போலச் சுருக்கியதே இண்டி. மூலம் லத்தீன். அதில் பெண்டேரே என்றால் தொங்குதல், டே என்றால் கீழ்நோக்கி, இன் என்பது எதிர்மறை. ஆக, எதிலிருந்தும் தொங்காதது. தமிழில் இதே கருத்துக்கு நாம் தொங்குவதில்லை, சாய்கிறோம். ஏணியைச் சுவரில் சார்த்தி வை என்கிறோமே, அந்தச் 'சார்' தான் சார்பு, சார்ந்திருத்தல் எல்லாவற்றுக்கும் வேர்.

சுருக்கச் சொல் முதலில் புழங்கியது அமெரிக்கத் திரைத்தொழிலில். பெரிய ஸ்டுடியோக்களுக்கு வெளியே படம் எடுத்த சிறு தயாரிப்பாளர்களை 1920களிலேயே இண்டி என்று அழைத்தார்கள். இசையில் அது வேரூன்றியது 1970களின் பிற்பாதியில், பிரிட்டனில். ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். பஸ்காக்ஸ் என்ற மான்செஸ்டர் குழு 1976 டிசம்பர் 28 அன்று, கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட நாளில், நான்கு பாட்டுகளைப் பதிவு செய்தது. செலவு ஏறத்தாழ 500 பவுண்டு, கடன் வாங்கிய பணம். அடுத்த மாதமே நியூ ஹார்மோன்ஸ் என்று தங்களுக்கே ஒரு லேபிள், அதாவது பாட்டை வெளியிடும் நிறுவனம், வைத்து, முதலில் 1,000 இசைத்தட்டுகள் அடித்தார்கள். அட்டையில் ஒவ்வொரு பாட்டுக்கும் அது எத்தனையாவது முறை பாடிப் பதிந்தது (டேக்), மேலே எத்தனை ஒலி சேர்த்தோம் என்று அச்சிட்டிருந்தார்கள். தட்டு போடுவது எட்டாத வித்தை இல்லை, கணக்குப் போட்டால் யாரும் செய்யலாம் என்பதை அந்த அட்டையே சொல்லிக் கொடுத்தது.

1980 ஜனவரியில் பிரிட்டனில் இண்டி தட்டுகளுக்கென்று தனி விற்பனைத் தரவரிசை வெளிவரத் தொடங்கியது. அதன் விதி ஒன்றே: தட்டு பெரிய நிறுவனங்களின் விநியோகத்தில் சேராமல் கடைக்கு வந்திருக்க வேண்டும். இசையின் பாணி பற்றி விதியில் பேச்சே இல்லை. அதனால்தான் 1980களின் இறுதியில் பாப் பாடகி கைலி மினோக்கின் முழு வணிக நடனப் பாட்டுகள் இண்டி தரவரிசையில் ஏறின. அவருடைய லேபிளின் விநியோகஸ்தர் பெரிய நிறுவனத்தைச் சேராதவர், அவ்வளவுதான். இதற்கிடையே 1986இல் ஒரு பிரிட்டிஷ் இசை வார இதழ் 22 குழுக்களின் பாட்டுகளைச் சேர்த்து சி-86 என்ற கேசட்டை வெளியிட்டது. கணீரென்ற கிட்டார், கொஞ்சம் கூச்சப்பட்ட குரல் என்ற அந்த ஒலியின் பெயராகவே இண்டி அன்றிலிருந்து புரிந்துகொள்ளப்பட்டது. குழப்பத்தின் பிறப்பிடம் இதுதான். தரவரிசைக்காரர்கள் 2009இல் விதியை மாற்றினார்கள். விநியோகம் யார் வழியாக நடந்தாலும் சரி, லேபிளில் பாதிக்காவது பெரிய நிறுவனம் அல்லாதவர் உடைமையாளராக இருக்க வேண்டும் என்றார்கள். எப்படி வந்தது என்ற கேள்வி யாருடையது என்ற கேள்வியாக மாறியது. இன்றைக்குப் பொருந்துவது இரண்டாவதுதான்.

இனி தமிழ்ச் சொற்கள். புழக்கத்தில் ஐந்தாறு உண்டு, எல்லாம் ஒரே தரம் இல்லை.

'சுயாதீன இசை' பத்திரிகைகளில் அதிகம் வருவது. வடசொல்தான், ஆனாலும் பொருள் துல்லியமானது. ஆதீனம் என்றால் வசம், ஆளுகை. தன் வசத்தில் இருப்பது சுயாதீனம். நிலப் பத்திரங்களில் 'சுவாதீனம்' என்று எழுதுகிறார்களே, அதுவும் கைவசம் என்ற இதே பொருள்தான். இலங்கைத் தமிழில் சுயாதீன ஆணைக்குழு, சுயாதீன ஊடகவியலாளர் என்று அன்றாடம் வழங்குவதால் அங்கே எழுதுபவர் இதை விட்டுவிடத் தேவையில்லை. 'சுயேச்சை' வேறு. சுய இச்சை, தன் விருப்பப்படி நடத்தல். தேர்தல் வேட்பாளருக்குப் பொருந்தும், பாட்டுக்கு ஒட்டாது. அதைச் 'சுயேட்சை' என்று எழுதுவது பிழை.

'சார்பற்ற இசை' என்பது சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. ஆனால் தமிழில் சார்புக்கு ஒருபக்கம் சாய்தல் என்ற பொருளும் உண்டு. மதச்சார்பற்ற, ஒருசார்பான என்ற பழக்கத்தால் 'சார்பற்ற இசை' என்றதும் நடுநிலை வகிக்கும் இசை போலத் தோன்றிவிடும். 'தனியிசை' அழகான சொல், ஆனால் ஒருவர் மட்டும் பாடுவதா, படத்தில் வராததா என்று தெரியாது. 'திரைசாரா இசை' தெளிவான சொல். அது குறிப்பது இன்னொன்றை. படத்துக்கு வெளியே வந்த எல்லாமே அதில் அடங்கும், பெரிய நிறுவனம் வெளியிட்டதும் பக்திப் பாட்டும்கூட. தமிழில் இண்டி என்று பேச்சில் சொல்லும்போது பலர் மனத்தில் இருப்பது இந்தத் திரைசாரா இசைதான். இரண்டையும் பிரித்துச் சொல்வது நல்லது.

எஞ்சி நிற்பது 'தற்சார்பு இசை'. தன்+சார்பு, தற்காப்பு போலவே புணர்ந்தது. தன்னையே சார்ந்து நிற்றல் என்று உடன்பாடாகச் சொல்கிறது. தற்சார்புப் பொருளாதாரம், தற்சார்பு வேளாண்மை என்று காதுக்குப் பழகியும் விட்டது. செலவும் முடிவும் உரிமையும் தன் கையில் என்ற பொருள் கேட்டவுடன் விளங்கும். இதையே பரிந்துரைக்கிறோம். பாட்டு என்று சேர்க்கும்போது ஒற்று மிகும்: தற்சார்புப் பாட்டு. பேச்சில் இண்டி இருந்துவிட்டுப் போகட்டும், அதில் குறையொன்றும் இல்லை.

ஒரு பாட்டு தற்சார்புப் பாட்டுதானா என்று பார்ப்பது எளிது. ஸ்ட்ரீமிங் செயலியில் ஆல்பம் பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள் இருக்கும். வட்டத்துக்குள் 'சி' எழுத்து உள்ளது அட்டைப்படம், அச்சு வாசகம் போன்றவற்றின் உரிமை. வட்டத்துக்குள் 'பி' எழுத்து உள்ளது ஒலிப்பதிவின் உரிமை. பார்க்க வேண்டியது 'பி' வரி. அங்கே கலைஞரின் பெயரோ சிறு லேபிளின் பெயரோ இருந்தால் பெரும்பாலும் சரி. யுனிவர்சல், சோனி, வார்னர் மூன்றில் ஒன்றோ அவற்றின் கிளையோ இருந்தால் அது இண்டி இல்லை, எவ்வளவு இண்டியாக ஒலித்தாலும். இங்கே சறுக்கும் இடம் ஒன்று உண்டு. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற பெயர்களைப் பார்த்து அவை லேபிள் என்று நினைத்துவிடுவார்கள். அவை கட்டணத்துக்குப் பாட்டைக் கடைகளில் சேர்ப்பவை, உரிமையாளர் அல்ல. மாறாக, தி ஆர்ச்சர்ட் என்ற விநியோக நிறுவனம் சோனிக்குச் சொந்தம். அதன் வழியாக வந்த பாட்டின் உரிமை சிறு லேபிளிடமே இருந்தால் 2009 விதிப்படி அதுவும் இண்டிதான்.

விழாக்காலத்தில் ஆண்டின் பாட்டுகளைப் பகிரும் பழக்கத்துக்கு ஒரு பெயர் பெற்ற முன்னோடி உண்டு. பிபிசி ரேடியோ 1 அறிவிப்பாளர் ஜான் பீல் 1976இல் தொடங்கிய 'ஃபெஸ்டிவ் ஃபிஃப்டி'. நேயர்கள் ஆளுக்கு மூன்று பாட்டு எழுதி அனுப்புவார்கள். வாக்குகளைக் கூட்டி, முதல் 50 பாட்டுகளைக் கிறிஸ்துமஸை ஒட்டிய இரவுகளில் ஒலிபரப்புவார். தொடக்கத்தில் எந்தக் காலத்துப் பாட்டையும் அனுப்பலாம் என்றிருந்ததால் பழைய பாட்டுகளே திரும்பத் திரும்ப மேலே வந்தன. 1982 முதல் அந்தந்த ஆண்டுப் பாட்டுக்கு மட்டும் என்று வரம்பு கட்டினார். பட்டியலுக்கு உயிர் வந்தது. பீல் 2004 அக்டோபரில் மறைந்த பிறகும் அந்த வாக்கெடுப்பு பிறர் கையில் தொடர்ந்தது.

'விழாக்கால ஐம்பது' என்று அதைத் தமிழாக்கினால் மொழிபெயர்ப்பு வாசமே அடிக்காது. எண்ணிக்கையால் தொகுப்புக்குப் பெயரிடுவது நம் மரபு: ஐந்திணை ஐம்பது, கார் நாற்பது, அகநானூறு. பலர் பாடியதை ஒருவர் தேர்ந்து அடுக்கினால் அதற்கும் சொல் இருக்கிறது, தொகை. எட்டுத்தொகையில் பாடியவர் பெயரோடு தொகுத்தவர், தொகுப்பித்தவர் பெயரையும் தனியே சொல்வார்கள். பிளேலிஸ்ட், மிக்ஸ்டேப் இரண்டுக்கும் தொகை போதும். ஆண்டு இறுதியில் செய்வது ஆண்டுத்தொகை.

தொகைக்கு வரிசையும் வேண்டும். அகநானூற்றைப் பாருங்கள். ஒற்றைப்படை எண் எல்லாம் பிரிவைப் பாடும் பாலை. 2, 8 என்று முடிபவை குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10 நெய்தல். பாதிப் பாட்டு ஒரே மனநிலையில் இருந்தும் அலுப்பதில்லை, ஒன்றுவிட்டு ஒன்று வேறு நிலம் வந்துவிடுகிறது. 20 பாட்டுத் தொகைக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு உங்களை அதிகம் ஆட்கொண்ட மனநிலைப் பாட்டுகள் 10, ஒற்றைப்படை இடங்களில். அடுத்த வகையில் 4, அவை 2, 8, 12, 18ஆம் இடங்களில். மீதி மூன்று வகையில் இரண்டிரண்டு: 4, 14, 6, 16, 10, 20. நெஞ்சுக்கு நெருக்கமானது எல்லாவற்றையும் முதல் மூன்று இடத்தில் கொட்டிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஐந்தாவது பாட்டில் கேட்பவர் எழுந்து போய்விடுவார்.

நீளம் 45இலிருந்து 90 நிமிடத்துக்குள் இருக்கட்டும். சி-90 கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம், இரு பக்கமும் சேர்ந்தால் 90. ஓர் அமர்வில் கேட்க அந்த அளவு இன்றும் சரியாகவே இருக்கிறது. ஒரு கலைஞருக்கு ஒரு பாட்டு என்று வைத்துக்கொண்டால் 20 இடத்தில் 20 பேர் தெரியவருவார்கள்.

எந்த ஆண்டு என்பதில்தான் தகராறு வரும். செயலி காட்டும் தேதி மறுவெளியீட்டின் தேதியாக இருக்கலாம். சென்ற ஆண்டு தனிப்பாட்டாக வந்தது இந்த ஆண்டின் ஆல்பத்தில் மறுபடி வரும். ஒலிப்பதிவுக்குரிய 12 எழுத்து ஐ.எஸ்.ஆர்.சி. எண் கிடைத்தால் அதன் 6, 7ஆம் இடங்கள் எண் வழங்கிய ஆண்டைக் காட்டும். அது வெளியான ஆண்டாகவே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள், ஒரு தடயம் மட்டுமே. டிசம்பரில் வரும் பாட்டுகள் எந்தப் பட்டியலிலும் சேராமல் அநாதையாகிப் போவதும் வழக்கம். டிசம்பர் 1 முதல் அடுத்த நவம்பர் 30 வரை ஓர் ஆண்டு என்று தொகையின் தலையிலேயே எழுதிவிட்டால் அந்த அநியாயம் நேராது.

பகிரும் முறையும் முக்கியம். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு கேட்பு. 2024 முதல், கடந்த 12 மாதங்களில் 1,000 கேட்பு எட்டாத பாட்டுக்கு அங்கே ஒலிப்பதிவுக்கான பணம் கிடையாது. 940இல் நிற்கும் ஒரு பாட்டுக்கு உங்கள் தொகையிலிருந்து 60 கேட்பு போய்ச் சேர்ந்தால் அது கோட்டைத் தாண்டும். கலைஞரே பக்கம் வைத்துப் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் வாங்கினால் தளம் எடுப்பது டிஜிட்டல் விற்பனையில் 15%. அங்கே பக்கம் வைத்திருக்கும் கலைஞருக்கு அந்தச் சுட்டியையே முதலில் கொடுங்கள்.

பட்டியலின் சுட்டியை மட்டும் அனுப்பி நிறுத்திவிடாதீர்கள். தற்சார்புக் கலைஞர் பலர் விநியோகஸ்தருக்கு ஆண்டுச் சந்தா கட்டுகிறார்கள். சந்தா நின்றால் பாட்டு கடையிலிருந்து இறங்கிவிடும், உங்கள் வரிசையில் சாம்பல் நிறத்தில் ஓர் ஓட்டை விழும். ஒரே பெயருள்ள இரண்டு கலைஞர்களின் பாட்டுகளைச் செயலி ஒரே பக்கத்தில் சேர்த்துவிடுவதும் உண்டு. ஷஃபிள் முடுக்கத்தில் இருந்தால் நீங்கள் பார்த்துப் பார்த்து அடுக்கிய வரிசையும் போயிற்று. அதனால் தொகையை எழுத்திலும் கொடுங்கள்: வரிசை எண், பாட்டு, பாடியவர், 'பி' வரியில் உள்ள பெயர், வெளியான மாதம். கடைசியில் எதைக் கவனித்துக் கேட்கலாம் என்று ஒரு வரி, "இரண்டாவது சரணத்தில் பறை நுழையும் இடம்" என்பது போல.