சத்தம் வருகிறது என்று ஸ்டெபிலைசர் பாரைக் கழற்றிவிடாதீர்கள்

முன்பக்க ஸ்டெபிலைசர் பார் (இரண்டு முன்சக்கரங்களையும் குறுக்கே இணைத்து, வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கும் பிக்கப்புகள் பட்டறைக்கு வருவது இப்போதெல்லாம் வழக்கமாகிவிட்டது. கடைசியாக வந்தவர் ஷாக் அப்சார்பரை மாற்றச் சொன்னார். வளைவில் வண்டி ஒரேயடியாகச் சாய்கிறதாம், ஸ்டியரிங்கை நம்பவே முடியவில்லையாம். அடியில் படுத்து விளக்கடித்துப் பார்த்தேன். ஷாக்கில் துளி எண்ணெய்க் கசிவுகூட இல்லை. சேஸிஸில் பாரின் கிளாம்ப் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் தனி நிறமாகத் தெரிந்தது, போல்ட் ஓட்டைகளில் சேறு அடைத்திருந்தது. விசாரித்தால், முன்னால் ‘டொக் டொக்’ என்று சத்தம் வந்திருக்கிறது. யாரோ ‘அந்தக் கம்பியால் ஒரு பயனும் இல்லை, கழற்றிப் போடு’ என்றிருக்கிறார். கழற்றியதும் சத்தம் நின்றுவிட்டது.

சத்தம் நிற்கத்தான் செய்யும். சத்தம் போட்டது பார் அல்ல. பாரின் முனையையும் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையான லோயர் ஆர்மையும் இணைக்கும் லிங்க் ராடு தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். அதன் பந்து மூட்டில் ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் புகுந்தால் கிரீஸ் போய், மூட்டு லொடலொடத்துவிடும். வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கும்போது லிங்க் ராடைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் கையிலேயே தெரியும். முன் சஸ்பென்ஷனில் இதைவிடச் சின்ன வேலை கிடையாது. இதற்காகவா முழு பாரையும் கழற்றுவது?

இன்னும் சிலர் தேய்ந்த பக்கத்து லிங்க்கை மட்டும் கழற்றிவிட்டு, ‘இன்னொரு பக்கம் இருக்கிறதே, பாதி வேலையாவது செய்யும்’ என்கிறார்கள். செய்யாது. ஒரு முனை பிடிமானம் இல்லாமல் தொங்கினால் முறுக்குவதற்கு எதிர்ப்பே கிடைக்காது. பார் தன்னைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ்ஷுக்குள் சும்மா சுழலும். கூடவே அந்தத் தொங்கும் முனை பிரேக் ஹோஸையும் ஆக்ஸில் பூட்டையும் (ஆக்ஸில் மூட்டின் ரப்பர் உறை) உரசும். முழுதாகக் கழற்றியதைவிட இது மோசம்.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் கோபம் வரவைக்கும் வாதம்: ‘கழற்றி ஓட்டிப் பார்த்தேன் சார், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.’ எங்கே ஓட்டிப் பார்த்தீர்கள்? நேரான சாலையில். நேராக ஓடும்போது அந்த பாருக்கு வேலையே இல்லை. வேகத்தடையில் இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும்போதும் அது முறுகாமல் சுழலும், அவ்வளவுதான். ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கும்போதுதான் பார் முறுகி, ‘இதற்கு மேல் சாயாதே’ என்று வண்டியின் உடலைப் பிடிக்கும். ஒற்றைச் சக்கரம் பள்ளத்தில் விழும் இடத்தில் கழற்றிய வண்டி கொஞ்சம் மென்மையாகப் போவது உண்மை. அந்தச் சுகத்தை வைத்துத்தான் ‘வண்டி இப்போது நன்றாக இருக்கிறது’ என்று முடிவு கட்டுகிறார்கள். பாரின் வேலை தெரிவது திடீரென்று ஒதுங்க வேண்டிய நேரத்தில். வண்டிக்கு முன்னால் ஏதோ குறுக்கே வருகிறது, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் வெட்டுகிறீர்கள், உடனே மறுபக்கம் திருப்பி வழிக்கு வருகிறீர்கள். ஆபத்து முதல் திருப்பத்தைவிட இரண்டாவது திருப்பத்தில் அதிகம். ஒரு பக்கம் சாய்ந்துகிடந்த உடல், அந்த வேகத்தோடு மறுபக்கம் வீசப்படுகிறது. பார் இல்லாத வண்டி முதலிலேயே அதிகம் சாய்ந்திருக்கும், அதனால் மறுபக்கம் வரும் வீச்சும் பெரிது. இதைச் சோதித்துப் பார்க்க உங்கள் தினசரி வழியில் இடமில்லை, இருக்கவும் கூடாது. ஆகவே ‘ஓட்டிப் பார்த்தேன்’ என்பதை நான் சோதனையாகவே எடுத்துக்கொள்வதில்லை.

பார் இருக்கும் வண்டிகளே இந்தத் திருப்பத்தில் தடுமாறியிருக்கின்றன. ஸ்வீடனின் டெக்னிகென்ஸ் வேர்ல்டு பத்திரிகை, குறுக்கே விலங்கு வந்தால் ஒதுங்குவது போன்ற ஒரு சோதனையைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. 2016-ல் அதில் ஓட்டப்பட்ட டொயோட்டா ஹைலக்ஸ் இரண்டு சக்கரத்தில் எழும்பி நின்றது. எல்லா பாகமும் ஒழுங்காக இருந்த புது வண்டி அது.

சாய்வது ஒரு பாதிதான். பிக்கப்பில் பின்பக்கம் பெரும்பாலும் பட்டை ஸ்பிரிங்குகள் (லீஃப் ஸ்பிரிங்), பல மாடல்களில் அங்கே ஸ்டெபிலைசர் பாரே கிடையாது. முன்னால் ஒரு கனமான பாரை வைத்துத்தான் வடிவமைப்பாளர்கள் சமநிலையைக் கொண்டுவருகிறார்கள். வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு எடை மாறியே தீரும். அதில் முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்பதை எந்தப் பக்கம் சாய்வை அதிகம் எதிர்க்கிறதோ அதுதான் முடிவு செய்யும். முன் பார் இருக்கும்வரை முன்டயர்தான் முதலில் பிடி விடும். அப்போது வண்டி வெளியே ஓடும், நீங்கள் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் அடங்கும். பாரைக் கழற்றினால் அந்தப் பங்கு பின்பக்கம் போகிறது. சுமையில்லாத பிக்கப்பின் பின்பக்கம் ஏற்கெனவே லேசு. ஈரச் சாலையில் அது முதலில் வழுக்கி வண்டியைச் சுழற்றும். எல்லா ஓட்டுநரும் இதைத் திருத்திவிட முடியாது.

‘எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும்’ என்றும் சொல்கிறார்கள். வண்டி வழுக்கும்போது தானாகவே பிரேக் பிடித்து வழிக்குக் கொண்டுவரும் அமைப்பு அது. ஸ்டியரிங் கோணம், சக்கர வேகம், வண்டி சுழலும் வேகம், பக்கவாட்டு விசை எல்லாம் அதற்குத் தெரியும். பாரைக் கழற்றிவிட்டீர்கள் என்பது தெரியாது. அதன் கணக்கு முழுவதும் பார் இருக்கும் வண்டியை வைத்துப் போட்டது.

வண்டியை உயர்த்துபவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். லிஃப்ட் கிட் போட்ட பிறகு பழைய லிங்க் எட்டவில்லை, கோணம் சரிவரவில்லை என்று பாரைக் கழற்றிவிடுகிறீர்கள். எடை மையம் மேலே போன வண்டிக்குத்தான் அது இன்னும் அதிகம் தேவை. நீளமான லிங்க் வாங்குங்கள், அல்லது பாரைக் கீழிறக்கும் பிராக்கெட் போடுங்கள். மேலே கூடாரமோ கேரியரோ இருந்தால் இதில் பேச்சுக்கே இடமில்லை.

பாறையில் ஊர்ந்து ஏறுபவர்களின் தேவை நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை. சக்கரங்கள் மேலும் கீழும் நன்றாக அசைந்தால்தான் நான்கும் தரையைத் தொடும். ஜீப் ராங்க்ளர் ரூபிகானிலும் ராம் பவர் வேகனிலும் முன் பாரை ஒரு பொத்தானால் துண்டிக்கலாம். ஆனால் ரூபிகானில் வேகம் மணிக்கு சுமார் 29 கிலோமீட்டரைத் தாண்டினால் அது தானே இணைந்துகொள்ளும். தயாரித்தவர்களே அந்த எல்லைக்குமேல் நம்பவில்லை என்றால் நீங்கள் எப்படி நெடுஞ்சாலையில் நம்புகிறீர்கள்? பாறைத் தடத்தில் துண்டியுங்கள், சாலைக்கு ஏறும் முன் மாட்டுங்கள்.

சம்ப்பை (இன்ஜினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி) கழற்றவோ வேறு வேலைக்கோ பாரை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், இரண்டு முன்சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும்: இரண்டும் தரையில், அல்லது இரண்டும் அந்தரத்தில். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி ஏற்றினால் பார் முறுகி நிற்கும், நட்டு விட்ட நொடியில் அடிக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே போகாதீர்கள், சேஸிஸுக்கு ஸ்டாண்டு கொடுங்கள், பின்சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். லிங்க்கின் நட்டோடு அது ஏறியிருக்கும் மரைத் தண்டும் (ஸ்டட்) சேர்ந்தே சுற்றினால் ஸ்டட்டின் நுனியில் ஆலன் கீயைச் செருகிப் பிடியுங்கள். ரப்பர் புஷ் உள்ள லிங்க்கை வண்டி தன் எடையில் நிற்கும்போது இறுக்குங்கள். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை, இதைக் கவனமாகப் படியுங்கள். சில பிக்கப்புகளில் முன்னால் காயில் ஸ்பிரிங் கிடையாது, டார்ஷன் பார் இருக்கும். அது சேஸிஸ் ஓரமாகப் பின்னோக்கி நீளும். வண்டியின் முன்பக்க எடையே அதில்தான் நிற்கிறது. ஸ்டெபிலைசர் பார் குறுக்கே, இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு ஓடுவது. எது எது என்று சந்தேகம் இருந்தால் ஸ்பேனரைக் கீழே வையுங்கள்.

வேறு மாடலின் பாரை ‘கிட்டத்தட்ட அதே தடிமன்தான்’ என்று மாட்டவும் வேண்டாம். திட பாரின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 10 சதவீதம் தடிமன் கூடினால் விறைப்பு சுமார் 46 சதவீதம் கூடுகிறது.

பழைய பிக்கப் வாங்கியவர்கள் இன்றைக்கே முன்பக்கம் குனிந்து பாருங்கள். பார் இருக்கிறதா, இரு முனையிலும் லிங்க் மாட்டியிருக்கிறதா, கிளாம்ப்பில் ரப்பர் உயிரோடு இருக்கிறதா. கழற்றி வீட்டில் எங்காவது சாய்த்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். வளையாமல், விரிசல் விடாமல் இருந்தால் அதே பாரையே மாட்டலாம். லிங்க்கையும் புஷ்ஷையும் மட்டும் இரண்டு பக்கமும் சேர்த்துப் புதிதாகப் போடுங்கள்.