சோத்த நிறுத்தினா மறதி போயிடுமா?

கொஞ்ச நாள் முன்னாடி ஒருத்தர் அவங்க அம்மாவ கிளினிக்குக்கு கூட்டிட்டு வந்தார். அம்மாவுக்கு 68 வயசு, ரொம்ப வருஷமா சுகர். "டாக்டர், அம்மாவுக்கு மறதி வியாதி வந்துருச்சு போல, சாயங்காலமானா பேரன் பேர மாத்தி கூப்பிடுறாங்க, அடுப்புல பால வெச்சுட்டு அப்படியே நிக்கிறாங்க"ன்னு சொல்லும்போதே அவருக்கு குரல் உடைஞ்சுடுச்சு. எப்பலேர்ந்துன்னு கேட்டா மூணு வாரமாங்கறார். மறதி நோய் பொதுவா இப்படி திடீர்னு வராது, அதனால சாப்பாட்ட பத்தி கேட்டேன்.

மூளைக்கு நல்லதுன்னு ஒரு வீடியோ பாத்துட்டு சோறு, இட்லி எல்லாத்தயும் நிறுத்தி முட்டை, பனீர், கீரைன்னு மாறிருக்காங்க, ஆனா சுகர குறைக்கிற கிளிமிபிரைடு மாத்திரை மட்டும் பழைய டோஸ்லயே ஓடிட்டு இருக்கு. சாயங்காலம் தடுமாறும்போது விரல்ல குத்தி பாக்க சொன்னேன். சுகர் 52, ரொம்ப கம்மி. மாத்திரைய குறைச்சோம், ஒரு வாரத்துல அம்மா பழைய ஆளாயிட்டாங்க.

அந்த வீடியோல சொன்னது எல்லாமே பொய்னு சொல்ல மாட்டேன். நம்ம உடம்பு எடையில மூளை வெறும் 2 சதவீதம்தான், ஆனா செலவாகுற சக்தில கிட்டத்தட்ட 20 சதவீதத்த அதுவே எடுத்துக்குது, பெரும்பாலும் குளுக்கோஸா. மறதி நோய்ல ஒரு வகையான அல்சைமர் வந்த மூளையால குளுக்கோஸ சரியா எடுத்துக்க முடியல, ஆனா மாவுச்சத்து ரொம்ப குறையும்போது கல்லீரல் கொழுப்புலேர்ந்து தயாரிக்கிற கீட்டோன எடுத்துக்குதுன்னு கனடால ஸ்டீஃபன் கன்னேன் குழு ஸ்கேன் எடுத்து காட்டினாங்க. மாவுச்சத்த ரொம்ப குறைச்சு கொழுப்ப கூட்டி சாப்பிடற இந்த கீட்டோ உணவு வலிப்பு நோய்க்கு 1921லேர்ந்தே இருக்கு. நியூசிலாந்துல 26 அல்சைமர் நோயாளிங்களுக்கு 12 வாரம் கீட்டோ கொடுத்து பாத்து 2021ல ரிசல்ட் வந்துச்சு, அன்றாட வேலை செய்யறதும் வாழ்க்கை தரமும் கொஞ்சம் மேம்பட்டுச்சு, ஞாபகசக்தி டெஸ்ட்ல மட்டும் உறுதியா சொல்ற அளவுக்கு வித்தியாசம் வரல. 26 பேர், 12 வாரம், அவ்வளவுதான். இத வெச்சு மறதி குணமாகும்னு சொல்றது ரொம்ப தப்புங்க.

எனக்கு உறுதியா தெரிஞ்சது, சுகர் வருஷக்கணக்கா ஏறியே இருந்தா மறதி நோய் வர்ற ஆபத்து கூடும். அதனால மூணு வேளையும் தட்டு நிறைய சோறு, தோசைன்னு சாப்பிடறத குறைச்சு சுண்டல், பயறு, மீன், காய் சேத்துக்கறத நான் மனசார ஆதரிக்கிறேன். அதே சமயம் வயசானவங்களுக்கு லோ சுகர் திரும்ப திரும்ப கடுமையா வந்தாலும் மூளைக்கு ஆபத்துதான், அது யாருக்கும் தெரியறதில்ல.

அதனால சோத்த குறைக்கறதுக்கு முன்னாடி மாத்திரை அட்டைய எடுத்துட்டு உங்க டாக்டர்கிட்ட போங்க. இன்சுலின், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு எடுக்கறவங்களுக்கு டோஸ மாத்த வேண்டி வரலாம். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின்ங்கற சுகர் மாத்திரைங்க எடுக்கறவங்க கீட்டோ பக்கமே தானா போகாதீங்க, சுகர் நார்மலா காட்டும்போதே ரத்தத்துல அமிலம் ஏறி ஐசியு வரைக்கும் போயிடும். மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரைய பல வருஷமா எடுக்கறவங்க ரத்தத்துல பி12 வைட்டமின ஒரு தடவ பாத்துடுங்க, அது குறைஞ்சாலும் மறதி வரும், ஊசி போட்டா பெரும்பாலும் சரி பண்ணிடலாம்.

அந்த அம்மா இப்ப மதியம் ஒரு கரண்டி சோறு, நிறைய கீரை, பயறுன்னு சாப்பிடறாங்க. பி12 டெஸ்ட்டும் எழுதி கொடுத்திருக்கேன், ரிசல்ட்டோட அடுத்த வாரம் வர்றாங்க.